மேலிருந்து கணியம்

எடை போட்ட பிறகுதான் பெயர் எழுதினார்கள்:
ததேயுஸ், கடியப்பட்டணம், அறுபத்தெட்டு கிலோ.
நான் ஏறினால்
பன்னிரண்டு நிமிட எண்ணெயை இறக்க வேண்டும்.
அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்
யாரோ ஒருவன் முங்கிப் போகலாம் என்று
முகத்துக்கு நேரே சொன்னாள்,
வரைபடத்தைத் தொடையில் கட்டியிருந்த
லெப்டினன்ட் மிருணாள்.
ஏறட்டும் என்றதும் அவள்தான்.

புயல் போய் மூன்றாம் நாள்.
முட்டத்துப் பள்ளி மைதானத்தில்
கோல்போஸ்டைப் பிடுங்கிப் போட்டு இடம் செய்திருந்தோம்.
கொச்சியிலிருந்து வந்தவை மூன்று.
ஒன்று எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது.
ஒன்று தெற்கே போயிருந்தது.
ஒன்றில் நான்,
காதை மூடிய ஹெட்போனுக்குள்
என் மூச்சை நானே கேட்டபடி.

முப்பத்தொரு வருடம்
கடலில் நான் வழி தப்பியதில்லை.
விளக்குமாடத்தை வேளிமலையின் இடது தோளில் ஏற்றினால்
கீழே பார், பதினாறு பாகம்.
கோயில் கோபுரம் தென்னைக்குள் ஒளிந்தால்
அடியில் சேறு, வலையை இறக்காதே.
இதுதான் கணியம்.
அப்பனும் எழுதி வைக்கவில்லை, நானும் எழுதி வைக்கவில்லை.

ஆயிரம் அடி ஏறியதும்
மலையெல்லாம் படுத்துவிட்டது.
எதன் மேல் எதை ஏற்றுவேன்?
யாரோ உதறிப்போட்ட தார்ப்பாய் மாதிரி
கடல்.
"இப்ப எங்க நிக்கிறோம்?"
வழிகாட்ட ஏறியவன் கேட்கிற கேள்வியா அது?
அவள் சிரிக்கவில்லை.
ஒரு கட்டத்தில் விரல் வைத்து
இங்கே, என்றாள்.
கட்டம் கட்டமாகக் கடலை உழுதோம்,
போய், திரும்பி, போய்.

கீழே இறக்கச் சொன்னேன்.
இன்னும்.
இன்னும்.
எழுபது அடியில்
நுரை ஒரு கோடாகக் கிடப்பது தெரிந்தது,
தென்னை மட்டையும் தெர்மாகோலும்
அதோடு வரிசை போவதும்.
அப்போதுதான் கடல் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

"கவுந்த வள்ளத்தைக் காத்து தள்ளும்.
ஆளைத் தண்ணி இழுக்கும்.
ரெண்டும் ஒரே வீட்டுக்குப் போகாது."
தெரியும், என்றாள் அரைகுறை மலையாளத்தில்,
தண்ணி இன்றைக்கு எங்கே போகிறது
என்பதுதான் தெரியவில்லை.
நான் நுரையைக் காட்டினேன்.
கட்டத்தை விட்டு வெளியே
மூக்கைத் திருப்பினார் விமானி.

முப்பது நிமிடம் மீதி, என்றது ஹெட்போன்.
இருபத்தைந்து.
பிறகு ஒரு மஞ்சள் புள்ளி.
கேன்.
கேனைக் கட்டிக்கொண்டு ஒரு தலை.

விசிறிக் காற்றில்
தண்ணீர் தட்டு போலக் குழிந்து வெளுத்தது.
கம்பியில் இறங்கினான் பிஜோய்,
பிரம்மபுத்திராக் கரைக்காரன்,
பத்தொன்பது வயதுவரை உப்புத்தண்ணீர் பாராதவன்.
கேனை விடமாட்டேன் என்றானாம் அந்த ஆள்.
கேனோடுதான் மேலே வந்தான்.

முகத்தை நான் பார்க்கவில்லை.
காலைப் பார்த்தேன்.
தம்பி கிளீட்டஸுக்கு
வலது காலில் சுண்டுவிரல் கிடையாது.
இவனுக்குப் பத்தும் இருந்தது.
வெந்த மீன் போல ஊறிய அந்தப் பத்து விரலையும்
ஒரு நொடி நான் வெறுத்தேன்.
பிறகு சட்டையைக் கழற்றி
அவற்றைச் சுற்றினேன்.
"எந்த ஊரு மக்கா?"
"பூத்துறை" என்றான்.
தண்ணீர் கொடுத்ததும் வாந்தி எடுத்தான்.

நுரைக்கோடு
அதற்கப்பாலும் போய்க்கொண்டிருந்தது.
விமானி திரும்பினார்.
எண்ணெய்.
நான் ஏறாமல் இருந்திருந்தால்
இன்னும் பன்னிரண்டு நிமிடம்.
நான் ஏறாமல் இருந்திருந்தால்
இந்தப் பூத்துறைக்காரன்...
அந்தக் கணக்கை நான் போட்டு முடிக்கவில்லை.
மிருணாளும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில்
கதவு திறக்குமுன்பே பெண்கள் ஓடிவந்தார்கள்.
ஸ்ட்ரெச்சரில் இறங்கியவனை
ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தாள்,
ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தாள்.
கிளீட்டஸின் மனைவி
என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினாள்.

குடிக்கவில்லை.
குடித்தால் எடை.
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்து
மறுபடியும் தராசில் ஏறினேன்.
அறுபத்தேழு, என்றான் எழுதுகிறவன்.
ஒரு கிலோ எங்கே போச்சு?
செருப்பு அங்கே.
சட்டை
பூத்துறைக்காரன் காலில்.